தம்பிக்குத் தொய்வு (ஆஸ்துமா) இல்லையாம். ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

விசுவமடு தையல்கடை:

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் சின்னத் தையல்கடை வைத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 37 வயது. 2009 யுத்தத்தில் வலது தொடையில் ஷெல் துண்டுகள் பட்டன. இரண்டை எடுத்தார்கள். ஒன்று எலும்போடு ஒட்டிக் கிடந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். காயம் ஆறிய பிறகு நன்றாகத்தான் நடந்தான். வயலுக்குப் போனான், நெல்மூட்டை தூக்கினான், சைக்கிளில் பரந்தன் வரைக்கும் போய் வந்தான். ஆறேழு வருசம் கழித்துத்தான் கால் சோரத் தொடங்கியது. நிலத்தில் இருந்து எழும்பும்போது முதலில் முழங்காலில் கையை ஊன்றுவான், பிறகு தொடையில் ஊன்றுவான், தன் உடம்பிலேயே தான் ஏறுகிற மாதிரி எழும்புவான். யாரைக் கேட்டாலும் "ஷெல் பட்ட கால்தானே" என்றார்கள். நாங்களும் அதையே நினைத்தோம். இங்கே யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் அந்த வருசத்தைத்தான் சொல்வோம்.

பிறகு மூச்சு. 2021 இல் இருந்து மல்லாக்கப் படுக்க ஏலாது. முதலில் இரண்டு தலையணை, பிறகு மூன்று, இப்போது சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை. தொய்வு என்று நீலப் பம்ப் தந்தார்கள், பிறகு மண்ணிறப் பம்பும் சேர்த்துத் தந்தார்கள். சளி மூன்று தரம் பார்த்தார்கள், கசம் (காசநோய்) இல்லை. காலையில் எழும்பும்போதே தலையிடி. மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுவான். இரத்தத்தில் ஈரல் கணக்குக் கூடியிருக்கிறது என்று ஓரிடத்தில் "குடிக்கிறனீரா" என்று மூன்று தரம் கேட்டார்கள். அவன் வாயில் வைக்கிறவன் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு வருசம் கிளினிக் பக்கமே போகவில்லை.

அவனுடைய காற்சட்டை எல்லாம் நான்தான் தைப்பது. என் அளவுக் கொப்பியில் 2016 தீபாவளிக்கு அவனுடைய தொடை 22 அங்குலம். 2019 இல் இருபதரை. இந்த வருசப் பொங்கலுக்கு 18. இடுப்பு அன்றும் 32, இன்றும் 32. உடம்பு மெலிந்தால் இடுப்பும் குறைய வேண்டுமே என்று யோசித்துக்கொண்டு, வழக்கமாக அளக்காத இடது தொடையையும் அளந்தேன். அதுவும் 18. ஒரு கீறல்கூடப் படாத கால் அது. நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

போன மாதம் புதிதாக வந்த ஒரு வைத்தியரிடம் அந்தக் கொப்பியைக் காட்டினேன். அவர் தம்பியை மல்லாக்கப் படுக்க வைத்து, சட்டையைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டுமாம். தம்பிக்கு உள்ளே போனது. பிறகு குழாயில் ஊத வைத்தார். இருந்தபடி ஊதினால் 2.4 லீற்றர், படுத்தபடி 1.4. படுத்தவுடன் ஒரு லீற்றர் போத்தல் அளவு காற்று காணாமல் போகிறது. "இது தொய்வு இல்லை, மூச்சுத் தசையும் கால் தசையும் ஒரே காரணத்தால் சோருகிறது" என்றார். சிகே என்று ஒரு இரத்தப் பரிசோதனை, தசை உடைந்தால் அது கூடுமாம், தம்பிக்கு 940. பிறகு என்னைப் பார்த்து "அம்மாவும் அப்பாவும் சொந்தமா?" என்று கேட்டார். அப்பா அம்மாவுக்குச் சொந்த மச்சான், தாய்மாமன் மகன்.

பொம்பே என்கிற அரிய தசை நோயாக இருக்கலாமாம், வேறாகவும் இருக்கலாமாம். இப்படிக் காரணம் தெரியாத தசைச் சோர்வும் மூச்சுக் கஷ்டமும் உள்ளவர்களை ஒரு பல்கலைக்கழகக் குழு ஆராய்கிறது, விரும்பினால் சேரலாம் என்று படிவம் தந்திருக்கிறார். தம்பியின் இரத்தத்தோடு என்னுடையதும் தங்கச்சியுடையதும் கேட்கிறார்கள்.

என் பயம் தங்கச்சியைப் பற்றியது. அவளுக்குக் கலியாணம் பேசுகிறோம், மாப்பிள்ளையும் தூரத்துச் சொந்தம். இரத்தம் கொடுத்துப் பெயர் வெளியே போனால்? இன்னொன்று, எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்கள். காலுக்குள் துண்டு இருக்கிறபோது எடுக்கலாமா? இப்படி ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வவுனியா மிஸி:

தங்கச்சி, நான் வாட்டில் 26 வருசம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு இரவில் மூச்சு முட்டுகிறது என்று யாராவது ஒக்சிசன் சிலிண்டரை இரவல் வாங்கித் தந்தால், வைத்தியரைக் கேட்காமல் பூட்டவேண்டாம். தசை சோர்ந்தவருக்குக் காற்று உள்ளே போவது மட்டும் பிரச்சினை இல்லை, கெட்ட காற்று வெளியே போகாமல் தங்குவதுதான் பெரிய பிரச்சினை. காலைத் தலையிடியும் பகல் தூக்கமும் பெரும்பாலும் அதனால்தான். ஒக்சிசனை மட்டும் கூட்டினால் காபனீரொட்சைட்டு இன்னும் ஏறி, ஆள் நித்திரை மாதிரியே மயங்கிப் போகலாம். இப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியது முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளிக் கொடுக்கிற பைபாப் மெஷின். இதை ஒரு தாளில் எழுதி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நடுச்சாமத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாலும் அங்கே இருக்கிறவர் உடனே பார்க்கட்டும்.

சரி, இனிப் படிவம். தம்பியின் இரத்தத்தையும் உங்கள் இரத்தத்தையும் ஒரே கேள்வியாக வைத்துக் குழம்புகிறீர்கள். தம்பிக்கு எடுப்பது அவருடைய வருத்தத்தைக் கண்டுபிடிக்க. ஆராய்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேண்டும். உங்களிடமும் தங்கச்சியிடமும் கேட்பது வேறு, அதில் அவசரம் ஒன்றும் இல்லை. தம்பியுடையதைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

படிவம் தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழியில் தந்தால் கையெழுத்துப் போடவேண்டாம், தமிழில் கேளுங்கள், கேட்பது பிழையே இல்லை. எந்த ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு அனுமதி தந்தது என்று அதில் எழுதியிருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. பெயருக்குப் பதிலாக இலக்கம் போடுவார்களா, மிஞ்சுகிற இரத்தத்தை வைத்திருப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, முடிவை யாருக்குச் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நடுவில் விலகலாம், விலகினால் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. 1964 இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தில் இருந்து வருகிற விதிகள் இவை. யாரும் உங்களுக்குச் செய்கிற தயவு இல்லை.

---

முள்ளியவளைப் பொடியன்:

அக்கா, எங்கள் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு நெஞ்சு வருத்தம், உங்கள் தம்பிக்குத் தசை. ஆனால் அலைந்தது ஒரே அலைச்சல்தான்.

அப்பா கமக்காரன். இருமல் தொடங்கி இரண்டு வருசம் தொய்வு மருந்து. பிறகு சளியில் கிருமி காணாமலே ஆறு மாதம் கசத்துக்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நெஞ்சு வைத்தியர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு என் காதிலும் வைத்தார். ஒட்டுகிற செருப்புப் பட்டியைப் பிரிக்கும்போது வருமே ஒரு சத்தம், அதேதான். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் அடியில் கிரிச் கிரிச் என்று கேட்டது. நுரையீரல் தழும்பாகி இறுகினால் அப்படிக் கேட்குமாம். அதன் பிறகுதான் மெல்லிய வெட்டுகளாக எடுக்கிற சிற்றி ஸ்கான். படத்தை ஒருவர் மட்டும் பார்த்து முடிவு சொல்லவில்லை. நெஞ்சு வைத்தியரும் ஸ்கான் வைத்தியரும் சேர்ந்து இருந்து, வைக்கல் எப்படிச் சேர்த்து வைப்பீர்கள், நனைந்த வைக்கலை யார் பிரிப்பது, வீட்டில் புறா இருக்கிறதா என்று அரை மணித்தியாலம் கேட்டார்கள். ஈரத்தோடு அடுக்கின வைக்கல் உள்ளே சூடாகிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தூசியை வருசக்கணக்காகச் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் இப்படி ஆகுமாம். கமக்காரன் நுரையீரல் என்றே அதற்குப் பெயர். அந்தக் கேள்விகளை முதல் வருசமே யாராவது கேட்டிருந்தால் என்று இப்போதும் மனம் வேகும். தழும்பானது தழும்பானதுதான், திரும்பாது.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டீர்கள். அப்பாவும் ஒன்றில் சேர்ந்தார். ஆறு நிமிச நடை, ஊதுகிற பரிசோதனை, இரத்தம் எல்லாம் கொடுத்தார். மூன்று தரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். முடிவு என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் இறந்து இரண்டு வருசமாகிறது, இன்றைக்கும் தெரியாது. சேரவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முடிவை எங்களுக்கு எழுத்தில் தரவேண்டும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னமே கேளுங்கள். பஸ் காசு தருவார்களா என்றும் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

விசுவமடு தையல்கடை:

மிஸி அம்மா, ஒக்சிசன் விசயம் வாசித்தபோது கை நடுங்கியது. பெரியப்பா வீட்டில் ஒரு சிலிண்டர் சும்மா கிடக்கிறது. போன கிழமைதான் எடுத்து வருவோமா என்று கதைத்தோம். இன்றைக்கே கொப்பியில் ஒட்டிவிட்டேன். முள்ளியவளைத் தம்பி, உங்கள் அப்பாவுக்கு அப்படி நடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எழுத்தில் கேட்பேன்.

---

மருத்துவபீட மாணவி, யாழ்:

அக்கா, நான் இறுதி வருச மாணவி, வைத்தியர் இல்லை. படித்ததை மட்டும் சொல்கிறேன், முடிவை உங்கள் வைத்தியரோடு கதைத்து எடுங்கள்.

ஓ/எல் விஞ்ஞானத்தில் பிரிமென்றகடு படித்திருப்பீர்கள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசை. நாங்கள் நிமிர்ந்து இருக்கும்போது குடல் ஈரல் எல்லாம் கீழே தொங்கும், அதனால் அந்தத் தசை பலவீனமாக இருந்தாலும் ஒருமாதிரிச் சமாளிக்கும். படுத்தால் எல்லாம் மேலே தள்ளும். நல்ல சுகமானவருக்கும் படுத்து ஊதினால் கொஞ்சம் குறையும், ஏறக்குறைய 10 வீதத்துக்குள். 30 வீதம் குறைந்தாலே பிரிமென்றகடு சோர்ந்திருக்கிறது என்று யோசிப்பார்கள். உங்கள் தம்பிக்கு 40 வீதத்துக்கும் மேலே. இருந்தபடி மட்டும் ஊத வைத்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. ஒரு கட்டிலும் இன்னும் இரண்டு நிமிசமும்தான் அதற்கு வேண்டியது. நான் இனி வாட்டில் நிற்கிற நாளெல்லாம் உங்கள் தம்பியின் வயிற்றை நினைத்துக்கொள்வேன்.

ஈரல் கணக்கைப் பற்றி. ஏஎஸ்ரி, ஏஎல்ரி என்கிற அந்த நொதியங்கள் ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. தசை உடைந்தாலும் இரத்தத்தில் கூடும். சிகே பார்த்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். தசை நோய் உள்ள பலரைக் குடிகாரர் என்று நினைத்த கதை எல்லா நாட்டிலும் உண்டு. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், அவரில் ஒரு பிழையும் இல்லை.

பொம்பே என்பது ஒரு டச்சு வைத்தியரின் பெயர். 1932 இல் ஏழு மாதக் குழந்தை ஒன்றின் இதயம் பெருத்து இறந்ததை ஆராய்ந்து இந்த நோயை எழுதினார். இரண்டாம் உலக யுத்தத்தில் எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியதற்காக 1945 இல் ஜேர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். என்ன குறைபாட்டால் வருகிறது என்று தெரிய 1963 ஆனது. ஹேர்ஸ் என்ற பெல்ஜியத்து வைத்தியர்தான் கண்டுபிடித்தார். கிளைக்கோசன் என்கிற சேமிப்புச் சர்க்கரையை உடைக்கிற ஒரு நொதியம் குறைகிறது, சர்க்கரை தசைக் கலங்களுக்குள்ளேயே தேங்குகிறது, தசை கெடுகிறது. குழந்தைக்கு வந்தால் இதயத்தைப் பிடிக்கும். வளர்ந்த பிறகு வந்தால் இடுப்பு, தொடை, மூச்சுத் தசை.

பரிசோதனை பயப்படுகிற மாதிரி இல்லை. விரலில் குத்தி, தடித்த வடிதாளில் இருக்கிற வட்டங்களுக்குள் துளித்துளியாக விட்டு, சில மணித்தியாலம் காயவிட்டு, கடிதம் மாதிரி அனுப்பலாம். ஐஸ் பெட்டி தேவையில்லை. எங்களைப் போலத் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய உதவி. அதில் நொதியம் குறைவாக வந்தால் பரம்பரையலகைப் பார்த்து உறுதிப்படுத்துவார்கள். குறைவாக வராவிட்டாலும் வீண் இல்லை, இதே மாதிரித் தொடையையும் மூச்சையும் பிடிக்கிற வேறு தசை நோய்கள் இருக்கின்றன, அடுத்து எதைத் தேடுவது என்று தெரியும்.

எம்ஆர்ஐ: கட்டாயம் துண்டு இருப்பதைச் சொல்லுங்கள். கேட்டால் சொல்வோம் என்று இருக்கவேண்டாம், நீங்களாகவே சொல்லுங்கள். அது பெரிய காந்தம், இரும்புத் துண்டு அசையவோ சூடாகவோ கூடும். முதலில் எக்ஸ்ரேயில் துண்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். கண்ணுக்குள்ளோ பெரிய இரத்த நாளத்துக்குப் பக்கத்திலோ இருந்தால் மிகவும் ஆபத்து. எடுக்க ஏலாது என்றாலும் வழி இருக்கிறது. மெல்லிய ஊசியால் தசையின் மின்சாரத்தைப் பார்க்கிற ஈஎம்ஜி, அதிலும் முதுகெலும்பை ஒட்டிய தசையில் பார்த்தால் பொம்பேக்கு நல்ல தடயம் கிடைக்கும். வன்னியில் எத்தனை பேர் உடம்பில் துண்டோடு இருக்கிறார்கள். நரம்பு, தசை நோய்களுக்கு எம்ஆர்ஐ முக்கியம், ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதவே பாதி மூடித்தான் இருக்கிறது. யாராவது இதையே தனியாக ஆராய வேண்டும் என்பது என் ஆசை.

மருந்து இருக்கிறதா என்று நிச்சயம் கேட்பீர்கள். இல்லாத நொதியத்தை இரண்டு கிழமைக்கு ஒருதரம் நரம்பில் ஏற்றுகிற சிகிச்சை 2006 இல் இருந்து இருக்கிறது. குழந்தைப் பருவத்துக்குப் பிந்தி வருகிற வகைப் பொம்பே உள்ள 90 பேரை வைத்து 78 கிழமை செய்த ஒரு ஆய்வு 2010 இல் வெளிவந்தது. மருந்து ஏற்றியவர்கள் வெறும் திரவம் ஏற்றியவர்களை விட ஆறு நிமிசத்தில் சராசரியாக 28 மீற்றர் கூட நடந்தார்கள், மூச்சும் அவ்வளவாக இறங்கவில்லை. மாற்றிவிடுகிற மருந்து இல்லை, பிடித்து வைக்கிற மருந்து. ஒரு குடும்பம் தாங்குகிற விலையும் இல்லை. அதனால் பெயர் தெரிந்தவுடன் எல்லாம் சரி வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பைபாப்பும் சரியான உடற்பயிற்சியும் இன்றைக்கே தொடங்கலாம்.

கடைசியாகத் தங்கச்சி விசயம். இந்தக் குறை அம்மாவிடம் இருந்தும் அப்பாவிடம் இருந்தும் இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் வருத்தமாகும். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தவரைக் காவி என்பார்கள். தம்பிக்கு இது உறுதியானால், சுகமாக இருக்கிற உங்கள் ஒவ்வொருவரும் காவியாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. காவிக்கு வருத்தம் வராது. கலியாணம் செய்கிறவரும் காவியாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாப்பிள்ளை சொந்தம் என்பதால் அதைத் தெரிந்துகொள்வது நல்லதே. ஆனால் அக்கா, நீங்கள் எழுதியதில் தங்கச்சி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே. அவருடைய இரத்தம் அது. அவரைக் கேட்டீர்களா?

---

விசுவமடு தையல்கடை:

புதன்கிழமை போய் வந்தோம்.

தங்கச்சியை நான் கேட்டிருக்கவில்லை. அவளுக்காகப் பயந்த அளவுக்கு அவளிடம் கதைக்கவில்லை. செவ்வாய் இரவு கடையைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் நூல்கட்டையை உருட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்: "முதலில் அண்ணாவின் முடிவு வரட்டும். அதுதான் என்றால் நானும் கொடுக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நான்தான் சொல்லுவேன், நீங்கள் ஒருவரும் சொல்லவேண்டாம்." அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிட்டோம்.

படிவம் தமிழில் தந்தார்கள். மிஞ்சுகிற இரத்தத்தை வேறு ஆய்வுக்கு வைத்திருக்கலாமா என்று தனிப் பெட்டி இருந்தது, தம்பி யோசித்துவிட்டு இல்லை என்று கோடு போட்டான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முடிவை எழுத்தில் கேட்டேன், தருகிறோம் என்று படிவத்தின் கீழேயே எழுதி வைத்தியர் கையெழுத்துப் போட்டார். முள்ளியவளைத் தம்பிக்கு நன்றி. துண்டு இருப்பதைச் சொன்னோம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாம், ஈஎம்ஜி செய்வோம் என்றார்கள்.

இரத்தம் எடுத்த தாளை மேசையில் காயவைத்தார்கள். சிவப்பாக இருந்த வட்டங்கள் மெல்ல மெல்ல மண்ணிறமாகின. தம்பி பக்கத்திலேயே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஈரல் கணக்கு ஏன் கூடியது என்று மாணவித் தங்கச்சி எழுதியதை முதல்நாள் இரவே வாசித்துக் காட்டியிருந்தேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான். என் அளவுக் கொப்பியில் அவனுடைய பக்கங்களைப் படியெடுத்துக்கொண்டு, 2016 க்கு முந்தியதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். 2009 க்கு முந்திய கொப்பிகளும் அவனுடைய பழைய கிளினிக் கொப்பிகளும் இடம்பெயர்ந்தபோதே போய்விட்டன. இடையில் உள்ளவற்றைப் பெட்டிகளில் தேடுகிறேன்.

பைபாப் ஒன்றைப் பழகிப் பார்க்க வீட்டுக்குத் தந்திருக்கிறார்கள். நேற்றிரவு நான்கு வருசத்துக்குப் பிறகு கட்டிலில் படுத்தான். ஒரு தலையணைதான். இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது, பதறி எழும்பினோம், அரை மணித்தியாலத்தில் வந்தது. இங்கே பக்கத்தில் யாராவது இந்த மெஷினைப் பற்றரியில் ஓட்டுகிறீர்களா? எந்த அளவு பற்றரி, எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்று எழுதுங்கள்.